படித்ததும் பகிர்ந்ததும்



உத்தரமேரூர் என்றவுடன் குடவோலையை நினைப்பவர் பலர். இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, வாரியப் பணிக்கு உரியாரைத் தெரிந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. அவற்றைக் காண அயலூரிலிருந்து பலர் இன்றும் வருகின்றனர். அக்கல்வெட்டுகளைப் பற்றி எழுத ஆராய்ச்சி வல்லார் உளர். இவ்வூரில் வாழும் ஓய்வு பெற்ற தமிழாசிரியனாகிய யான் எழுதப் புகுந்தது வேறொரு தேர்தலைப் பற்றியது. அது, மாணாக்கர் தமக்குரிய நூலைத் தாமே தேர்தலும், தேர்ந்ததைப் படித்தபின் தாம் உணர்ந்ததை அவையில் உரைத்தலும் ஆகும்.

அண்மையில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், எங்கள் ஊர் நூலகத்தில் உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணாக்கர் சிலர் கூடினர். ஒவ்வொருவரும் தாமே விரும்பி எடுத்த ஒரு நாவலைப் படித்து முடித்து வந்திருந்தனர். அவர்கள்முன் வைக்கப்பட்ட வினா ஒன்றே. ‘இந்நூலை முதன்முறை படித்தபோது உன் உள்ளத்தில் தோன்றியது யாது?’ கதைச் சுருக்கத்தைச் சொல்லிப் பொழுதைப் போக்குதல் கூடாது. பிறர் எழுதிய கருத்தைத் தம் கருத்தாக ஒப்பித்தல் கூடாது. ஏட்டைப் பார்த்துப் படித்தலும் கூடாது. இவை நூலகர் வகுத்த விதிகள். தலைமை தாங்க என்னை அழைத்திருந்தனர். பிழை கண்டால் திருத்துவதே என் கடமை என்னும் எண்ணத்தோடு யானும் சென்று அமர்ந்தேன்.

ஒன்றை முன்னரே ஒப்புக்கொள்ளுதல் நன்று. யான் மரபுவழியில் தமிழ் கற்றவன். நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் மனப்பாடம் செய்த பின்னரே காப்பியங்களைத் தொடும் முறையில் பயின்றவன். எம் ஆசிரியப் பெருமக்கள் நாவலை வெறுத்தனர் என்று சொல்லுதற்கில்லை. அதனை ஒரு பொருட்டாக மதித்திலர் என்பதே உண்மை. ஆதலின் விடுதியில் நன்னூல் உரையை விரித்து, அதனுள்ளே கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை வைத்துப் படித்த நாள்கள் எனக்கு உண்டு. இலக்கணத்தில் ஐயம் கேட்டால் உடனே விடை கூறுவேன். அந்நாவலில் எனக்குப் பிடித்தது யாது என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடை கூறவும் அஞ்சியிருப்பேன்.

நாவல் நம் மொழிக்குப் புதிதாக வந்தது. ‘புதினம்’ என்று அதற்குப் பெயர் இட்டதும் அதுபற்றியே. மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை இயற்றிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என அதனைப் போற்றுகிறோம். பின்னர், இராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893ஆம் ஆண்டு முதல் ‘விவேக சிந்தாமணி’ என்னும் இதழில் தொடர்ந்து வெளிவந்தது. இதழ்களின் வழியாக நாவல் வீடுதோறும் புகுந்தது. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வந்த காலத்தைப் பற்றி என் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து படிப்பாராம். எழுத்தறியாதவரும் சூழ இருந்து கேட்பராம். படித்து முடித்ததும், ‘இவன் செய்தது சரியா? அவள் சொன்னதை நம்பலாமா?’ என்று ஒருவரோடொருவர் வாதிடுவராம். அங்கே மதிப்பெண் இல்லை, தேர்வு இல்லை, எவர் கருத்தும் ஏளனத்துக்கு உரியதன்று.

பின்னர் நாவல், துணைப்பாடம் என்னும் பெயரோடு வகுப்பறைக்குள்ளும் வந்து சேர்ந்தது. அது நல்வரவே. ஆயினும் திண்ணையில் நிகழ்ந்த அந்த உரையாடல் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. ‘இந்நாவலின் சிறப்புகளை விவரி’ என்று வினா எழுந்தது. சிறப்பு உண்டா என்று வினவ இடமில்லை. ‘நோட்ஸ்’ என்று மாணாக்கர் வழங்கும் துணை ஏடு அவ்வினாவுக்கு விடை தந்தது. நாவலைத் திறவாமலே நாவலைப் புகழக் கற்றுக்கொண்டோம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அதனை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை கூறுவது முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர், யான் பணியாற்றிய பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, ‘ஐயா, இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. இதில் நல்லவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்றாள். வகுப்பு நகைத்தது. யானோ வெகுண்டேன். ‘இத்துணைப் பெரிய ஆசிரியரைக் குறை கூற நீ யார்? முதலில் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்’ என்றேன். அவள் அமர்ந்தாள். அடுத்த வாரம் அந்நூலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஏடுகளைத் திருத்த எடுத்தபோது, ‘ஆற்றொழுக்கான நடை’ என்னும் தொடர் ஏறத்தாழ எல்லா ஏட்டிலும் இருந்தது. அம்மாணவியின் ஏட்டிலும் இருந்தது. பிழையேதும் இல்லை, பத்துக்கு எட்டு மதிப்பெண் இட்டேன். பிழையில்லாத அவ்வேட்டில் அவளும் இல்லை என்பது அன்று எனக்குப் புலப்படவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தபின், பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணி என்னை வணங்கி நலம் உசாவினாள். அவள்தான் அம்மாணவி. கையில் தன் மகனைப் பிடித்திருந்தாள். ‘இப்போது என்ன படிக்கிறாய், அம்மா?’ என்று வழக்கம்போல் வினவினேன். ‘பள்ளிக்கூடத்தோடு சரி, ஐயா. அதன்பிறகு கதைப்புத்தகம் எதுவும் தொடவில்லை. நமக்கு அதெல்லாம் புரியாது’ என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொல்லில் சினம் இல்லை. சினந்திருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தனக்குப் புரிந்ததை அஞ்சாமல் சொன்ன ஒருத்தி, ‘நமக்குப் புரியாது’ என்று நம்பத் தொடங்கியிருந்தாள். அந்நம்பிக்கையை அவளுக்குக் கற்பித்தவன் யான்.

நூலகத்தில் அமர்ந்திருந்தபோது இந்நிகழ்ச்சி என் நினைவில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தின் நடுவில்தான் அது நினைவுக்கு வந்தது. அதனை முறையாகச் சொல்லுகிறேன்.

முதலில் எழுந்த மாணவன் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவன். பரஞ்சோதி கல்வி கற்கும் பொருட்டுக் காஞ்சி நகருக்கு நடந்து வருகின்ற தொடக்கம் அவன் உள்ளத்தைக் கவர்ந்ததாம். ‘நான் பேருந்தில் பலமுறை காஞ்சிபுரம் போயிருக்கிறேன். ஆனால் இந்த நூலைப் படித்தபிறகு போனபோதுதான், கோட்டை எங்கே இருந்திருக்கும், அகழி எங்கே இருந்திருக்கும் என்று இரண்டு பக்கமும் தேடிப் பார்த்தேன்’ என்றான். பின்னர்ச் சற்றுத் தயங்கி, ‘வருணனைகள் வரும் பக்கங்கள் சிலவற்றைத் தள்ளிவிட்டேன்’ என்றும் ஒப்புக்கொண்டான். அவையில் சிரிப்பு எழுந்தது. யானும் சிரித்தேன், விடுதியில் யானும் அவ்வாறே தள்ளியவன் அன்றோ!

அடுத்து எழுந்தவன் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ பற்றிப் பேசினான். தொடக்கத்தில் நகைச்சுவை மிகுந்திருந்ததென்றும், போகப் போகக் கதை நின்றுவிட்டு அறிவுரை நடக்கத் தொடங்கியதென்றும் கூறினான். உடனே ஒரு மாணவி குறுக்கிட்டாள். ‘ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாளும் பகுதியை நீ படித்தாயா? நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே ஒருவர் அப்படி எழுதியிருக்கிறாரே! அது அறிவுரையா?’ என்று வினவினாள். அவன் சிறிது சிந்தித்து, ‘படித்தேன், வேடிக்கையாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன், நீ சொன்னபிறகு வேறுவிதமாகத் தெரிகிறது’ என்றான். பெண்கல்வியை வற்புறுத்தி நூல் எழுதியவர் வேதநாயகர் என்னும் செய்தியைச் சொல்ல என் நாக்குத் துடித்தது. ஆயினும் அடக்கிக்கொண்டேன். அவர்கள் இருவரும் தம் முயற்சியாலேயே அவ்வுண்மையின் வாயிலுக்கு வந்துவிட்டனர். கூட்டத்தின் முடிவில் அச்செய்தியை யான் சொன்னபோது, அது அவர்களுக்குப் பாடமாக இல்லை. தம் வாதத்துக்குக் கிடைத்த சான்றாக இருந்தது.

மூன்றாவது மாணவி எடுத்தது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942ஆம் ஆண்டில் வெளிவந்த சிறிய நாவல் அது. கொங்கு நாட்டுச் சிற்றூரில், கணவனை இழந்த பெண்ணொருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்பதால் விளைவனவற்றைக் கூறுவது. ‘முதல் சில பக்கங்கள் எனக்கு விளங்கவே இல்லை. அந்தப் பேச்சு நம் ஊர்ப் பேச்சு இல்லை. பிறகு பாட்டிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். வாய்விட்டுப் படித்ததும் விளங்கிவிட்டது’ என்றாள். பாட்டி என்ன சொன்னார் என்று ஒருவர் கேட்டார். ‘பங்கு கேட்டது தப்பில்லை, கேட்கச் சொல்லித் தூண்டியவனை நம்பியதுதான் தப்பு என்று சொன்னார்’ என்றாள் அவள். அந்நாவலைப் பற்றி அறிஞர் எழுதிய கட்டுரைகள் சிலவற்றை யான் படித்ததுண்டு. அந்தப் பாட்டியின் ஒரு தொடர் அவற்றுக்கு இளைத்ததன்று.

நான்காவதாக எழுந்தவள் அதிகம் பேசாதவள். இராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ அவள் தேர்ந்த நூல். தூத்துக்குடிப் பகுதி உப்பளங்களில் உழைக்கும் மக்களின் வாழ்வைக் கூறுவது அது. தாம் எழுதும் மக்களின் இடத்துக்கே சென்று, அவர்களோடு பழகி, பின்னர் எழுதும் வழக்கமுடையவர் அவ்வாசிரியர். அம்மாணவி, ‘என் அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போகிறார். சாயங்காலம் வந்ததும் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். புத்தகத்தில் உப்பளத்துப் பெண்களின் காலைப் பற்றிப் படித்தபோது, அம்மாவின் கால் நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் புத்தகத்தில் எழுதலாம் என்று எனக்குத் தெரியாது’ என்று கூறி அமர்ந்துவிட்டாள். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

‘இதையெல்லாம் புத்தகத்தில் எழுதலாம் என்று எனக்குத் தெரியாது’ என்னும் அச்சொல்லை எண்ணிப் பாருங்கள். அது நூலின் நடையைப் பற்றியதன்று, அமைப்பைப் பற்றியதன்று. ஆயினும் ஒரு நாவல் செய்யக்கூடிய பெரும்பணியை அது ஒரு வரியில் கூறிவிட்டது. அவளுக்கு நாம் ஒரு நூலை விதித்திருந்தால் அந்தச் சொல் பிறந்திருக்குமா? ஐயமே. நூலக இயலின் தந்தையெனப் போற்றப்பெறும் சீர்காழி இரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை வெளியிட்டார். படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பவை அவற்றுள் இரண்டின் கருத்து. அவர் உழைப்பின் பயனாகவே 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டம் ஊர்தோறும் நூல்கள் சென்று சேர வழி செய்தது. அவற்றுள் தமக்குரிய நூலைத் தேடிக் காணும் பொறுப்பு வாசகரைச் சார்ந்தது.

இனி, என் நினைவைக் கிளறிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். இறுதியில் ஒரு சிறுமி எழுந்தாள். அவள் படித்தது மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’. சாகித்திய அகாதெமி 1961ஆம் ஆண்டில் பரிசளித்துப் பாராட்டிய நாவல். அறிவும் அழகும் மிக்க சந்திரன் கட்டுப்பாடின்றிக் கெடுவதையும், எளியவனான வேலய்யன் நிதானத்தால் உயர்வதையும் உரைப்பது. அதனை எத்தனையோ முறை வகுப்பில் புகழ்ந்திருக்கிறேன். அச்சிறுமியோ, ‘எனக்கு முழுவதும் பிடிக்கவில்லை, ஐயா. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நான் நினைப்பதற்கு முன்னாலேயே புத்தகம் சொல்லிவிடுகிறது’ என்றாள்.

என் முகம் சுருங்கியதை யானே உணர்ந்தேன். பழைய சினம் தொண்டை வரை வந்தது. அக்கணத்தில்தான் பேருந்து நிலையத்துப் பெண்மணியின் சிரிப்பு என் கண்முன் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். பின்னர், ‘எந்த இடத்தில் உனக்கு அவ்வாறு தோன்றியது, அம்மா?’ என்று மட்டும் வினவினேன்.

அவள் நூலைப் புரட்டி ஓரிடத்தைக் காட்டினாள். அதனைப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, ‘ஆனால் சந்திரன் கெட்டுப்போகும்போது எனக்கு அழுகை வந்தது. அவன் மேல் அவ்வளவு இரக்கம் எனக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை. புத்தகம் அவன் செய்வது தவறு என்றுதானே சொல்கிறது?’ என்றாள். அருகிலிருந்த மாணவன், ‘கதை சொல்பவன் வேலய்யன்தானே? அவன் நண்பனை மறக்க முடியாமல்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்? அந்த வருத்தம்தான் உனக்கும் வந்திருக்கும்’ என்றான். அவள் தலையசைத்தாள். ‘இன்னொரு முறை படித்துப் பார்க்கிறேன்’ என்றாள்.

என் ஆசிரிய வாழ்க்கையில் யான் கேட்ட சொற்களுள் இதனினும் இனியது வேறில்லை. ‘பிடிக்கவில்லை’ என்று தொடங்கியவள், ‘இன்னொரு முறை படிக்கிறேன்’ என்று முடித்தாள். யான் முன்போல் வெகுண்டிருப்பேனாயின், ‘சிறந்த நூல்’ என்று அவள் உடனே ஒப்புக்கொண்டிருப்பாள்; நூலை மீண்டும் தொட்டிருக்கமாட்டாள். ஆசிரியரின் பெருமையைக் காப்பதாக எண்ணி, அவருக்குரிய வாசகர் ஒருவரை யானே துரத்தியிருப்பேன்.

‘இளம் மாணாக்கர் பெருநூல்களைப் பற்றித் தீர்ப்புக் கூறலாமா? அது செருக்கை வளர்க்காதா?’ என்று என்னையொத்த முதியோர் வினவக்கூடும். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. இன்று கைப்பேசியில் விண்மீன் அடையாளங்களைத் தொட்டு, நூலுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் வழக்கம் பரவியிருக்கிறது. ஏன் என்று சொல்லாத அம்மதிப்பீட்டால் நூலுக்கும் பயனில்லை, மதிப்பிட்டவர்க்கும் பயனில்லை. யான் ஆதரிப்பது அதனையன்று. முதற்கருத்து வேறு, முடிந்த தீர்ப்பு வேறு. முன்னது வித்து, பின்னது விளைவு. வித்தையே விளைவாகக் கருதுதல் பேதைமை. வித்தே வேண்டா என்று நிலத்தைத் தரிசாக விடுதலோ அதனினும் பெரிய பேதைமை.

நம் பழைய மரபும் வாய்மூடிக் கேட்கும் மரபன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முன்னே உரை எழுதிய இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். மறுக்கும்போது காரணம் காட்டுகிறார், நூற்பாவைச் சுட்டுகிறார். ‘உரையாசிரியர்’ என்னும் மதிப்புப் பெயராலேயே அவரைக் குறிக்கிறார். மறுப்பும் மதிப்பும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், கல்வி நிறையும் முறையைக் கணக்கிட்டே காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்ட மாணாக்கனுக்குப் புலமையில் காற்பங்குதான் கிட்டுமாம். உடன் பயில்வாரோடு பழகிப் பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது அவர் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நூற்பாவை மனப்பாடமாகச் சொல்லி வந்தவன் யான். என் வகுப்பிலோ அந்த முதற் காற்பங்கையே முழுப்பங்காக வழங்கி வந்தேன். எஞ்சிய முக்காற்பங்கும் நிகழும் விதத்தை நூலகத்தின் மரப்பலகையில் அமர்ந்த சிறுவர் எனக்குக் காட்டினர்.

ஆதலின், மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். நூலை நீங்களே தேர்ந்தெடுங்கள். தேர்ந்த நூல் தொடக்கத்தில் கடினமாக இருப்பின், அப்பெண் செய்ததுபோல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வீட்டிலுள்ளார் கேட்க விரும்பின் அவர்க்கும் படித்துக் காட்டுங்கள். முடித்த அன்றே உங்கள் உள்ளத்தில் தோன்றியதைச் சில வரிகளில் எழுதி வையுங்கள். பிறர் கருத்தை அதன்பின் படியுங்கள். முன்னர்ப் படித்தால் உங்கள் கருத்து எது, பிறர் கருத்து எது என்று உங்களுக்கே தெரியாமற் போகும். ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று கூறுவதோடு நில்லாமல், எந்த இடத்தால் அவ்வாறு தோன்றியது என்று நூலைத் திறந்து காட்டுங்கள். இடம் காட்ட இயலாத புகழ்ச்சியும் வெறுஞ்சொல்; இடம் காட்ட இயலாத இகழ்ச்சியும் வெறுஞ்சொல். மற்றவர் மாறாகக் கூறினால் செவி கொடுங்கள். கருத்தை மாற்றிக்கொள்ள நேரின் நாணவேண்டா. ஓராண்டு கழிந்தபின் அதே நூலை மீண்டும் படித்து, முன்பு எழுதிய வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியது நூலன்று என்பது அப்போது விளங்கும்.

ஆசிரியர்களாகிய என் தோழர்களுக்கும் ஒரு சொல் உண்டு. மாணாக்கர் நாவலைப் பற்றிப் பேசும்போது நாம் இறுதியில் பேசுவோம். நம் கருத்தோடு ஒத்ததா என்று பாராமல், காரணம் காட்டினாரா என்று பார்த்து மதிப்பெண் இடுவோம். ஆண்டில் ஒரு நூலையேனும் அவர்களே தேர்ந்தெடுக்க விடுவோம்.

தொடக்கத்தில் குடவோலையைக் குறித்தேன். அதனை வியந்து போற்றுவோர், அக்குடத்தில் எவர் பெயர் எல்லாம் இடம்பெற்றது என்பதையும் எண்ண வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டியவராய், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டவராய் இருத்தல் வேண்டும் என்பன 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதித்த தகுதிகளுட் சில. வேதம் கற்றோர்க்குரிய சதுர்வேதிமங்கலமாக ஊர் விளங்கிய காலம் அது. களை எடுக்கும் பெண்ணின் மகள் பெயர் அக்குடத்துள் புகுந்திராது. இன்று அவள் நூலகத்தில் எழுந்து பேசுகிறாள். நம் ஊர் அடைந்த உயர்வு இதுவே என்பேன்.

ஆயினும் அக்கல்வெட்டில் யான் என்றும் மறவாத ஒரு செய்தி உண்டு. அவையோர் அனைவரும் காணக் குடத்தை உயர்த்தி வைப்பர். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். அதனை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்னர் அவையறியப் படிக்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலையை மாற்றிவிடக்கூடும் என்னும் அச்சத்தால் வகுத்த விதி போலும்.

சிறுவர் தரும் முதற்சொல்லையும் நாம் அவ்வாறே வாங்குதல் வேண்டும். முன்னொரு நாள் ஒரு மாணவி தந்த ஓலையை யான் விரலை மடக்கி வாங்கினேன். அதனை மாற்றி, என் ஓலையை அவள் பெயரால் படித்தேன். அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, மகனையும் உடன் அழைத்து வருமாறு அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருவாளோ, அறியேன். வந்தால், அவள் அன்று சொன்னதையே மீண்டும் சொல்லுமாறு வேண்டுவேன். எந்த இடத்தில் அவ்வாறு தோன்றியது என்றும் கேட்பேன். இம்முறை என் கை விரிந்தே இருக்கும்.